ஓங்கிலுக்குப் பொருள் எழுதியவள்

ஆழ்துறை நிறுவனத்தார் செலஸ்டினா மொராயிசுக்கு ஒரு பெட்டி மக்ரூன் அனுப்பியிருந்தார்கள். மேலே ஒட்டியிருந்த அட்டையில், ‘தாங்கள் எழுதிய சொற்பொருளுக்கு நன்றி’ என்று அச்சடித்திருந்தது. மக்ரூனுக்குப் பேர்போன தூத்துக்குடிக்காரிக்கே அதை அனுப்பி நன்றி சொல்கிறார்களாம்! எவ்வளவு திமிர் இருந்தால் இப்படிச் செய்யத் தோன்றும்! அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புன்னைத்துறைத் துறைமுகத்துக்குப் போனாள். நிறுவனத்தின் சட்ட அதிகாரி நிவேதனின் மேசையில் அதை வைத்தாள். வைத்தாள் என்று மரியாதைக்குச் சொல்வது. போட்ட வேகத்தில் பாதி மக்ரூன் நொறுங்கிப் போயிற்று.

“நீங்களே தின்னுங்க.”

நிவேதனுக்குக் கோபமே வராது என்று பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“உட்காருங்க மேடம். என்ன விஷயம்?”

“என்ன விஷயமா? ஆறு ஓங்கில் இன்னும் வலைக்குள்ளே கிடக்கு. தீர்ப்பு வந்தாச்சு. ஏன் இன்னும் விடல?”

“தீர்ப்பில விடச் சொல்லலையே. ‘ஓங்கில்ங்கிற டால்பின் ஒரு ஆள்’னு சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். ஆளைப் போய் ‘விடுறது’ன்னு சொல்ல முடியுமா? ஆடு மாட்டைத்தானே அவிழ்த்து விடுவாங்க?”

“விளையாடாதீங்க.”

“நிஜமாத்தான் சொல்றேன். காட்டு உயிர்களைப் பிடிச்சு அடைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அது விலங்குக்கு. நேத்து வரைக்கும் அந்தச் சட்டத்துக்கு நாங்க பயந்துக்கிட்டிருந்தோம். உங்க பேரகராதி அவங்களை விலங்கு இல்லைன்னு சொல்லிடுச்சு. இனிமே அந்தச் சட்டம் அவங்களைத் தொடாது. அவங்க எங்க ஒப்பந்த ஊழியர்கள்.”

“யாரு ஒப்பந்தம் போட்டது?”

“அவங்கதான். ‘மீன் தர்றோம், கப்பலடியிலே ஒட்டுற சிப்பியைச் சுரண்டுறீங்களா’ன்னு சீழ்க்கைப்பெட்டியிலே கேட்டோம். ‘மீன் தா’ன்னு பதில் வந்துச்சு. சம்மதம் பதிவாயிடுச்சு.”

“அப்ப அந்த வலை?”

“குடியிருப்பு. ஒப்பந்தம் முடியற வரைக்கும் பணியிடத்தை விட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு.”

“ஒப்பந்தம் எப்ப முடியும்?”

“வேலை முடிஞ்சதும்.”

“வேலை எப்ப முடியும்?”

“கடல்ல சிப்பி வளர்றது எப்ப நிக்கும், சொல்லுங்க?”

செலஸ்டினா மேசையில் ஓங்கி அடித்தாள். “அந்த ஆறு பேர்ல தழும்பி நிறைசூலியா இருக்கா. இந்த மாசத்துக்குள்ள பெத்துருவா. அந்தக் குட்டி வலைக்குள்ளயா பொறக்கணும்?”

“தெரியும் மேடம். குட்டிக்கும் குடியிருப்புல இடம் ஒதுக்கிட்டோம்” என்றான் நிவேதன்.

அவள் ஏன் இப்படிக் கொதித்தாள் என்று புரிய வேண்டுமானால், அவள் வேலையைச் சொல்ல வேண்டும். மாநிலப் பேரகராதியில் கடல்சொற்களுக்குப் பொருள் எழுதுகிறவள் அவள். பழைய பதிப்பில் ‘ஓங்கில்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘டால்பின், கடற்பன்றி’ என்று இரண்டே சொல்லைப் போட்டு எவனோ கை கழுவியிருந்தான். பன்றியாம் பன்றி! துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற நீர்த்தூணுக்கும் ‘டால்பின்’ என்றே பெயர். நீச்சல் குளத்தில் அதுவே ஓர் உதைப்புக்குப் பெயர். கிரேக்கத்தில் அந்தச் சொல்லின் வேரைத் தோண்டிப் போனால் கருப்பை என்ற சொல்லில் போய் நிற்கும். கருப்பை உள்ள மீன் என்று பார்த்திருக்கிறார்கள். இதெல்லாம் இருந்தும் அந்தப் பிறவி யார் என்று ஒருவனும் எழுதவில்லை.

சீழ்க்கைப்பெட்டி வந்த பிறகு நிலைமை மாறியது. ஓங்கில்களின் சீழ்க்கையையும் சொடுக்கொலியையும் அந்தப் பெட்டி தமிழாக்கும். நாம் பேசுவதை அவற்றின் ஒலியாக்கும். எல்லாம் பேச வராது. பசி, வலி, போ, வா, யார், எங்கே, ஏன் என்ற அளவுக்கு வரும். அந்த அளவே நம்மில் பல பேருக்கு வருவதில்லை. அரசாங்கமும் அவசர அவசரமாக ‘பேசும் உயிர்கள் சட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் ‘ஆள்’ என்றால் யார் என்று விளக்கம் எழுத ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஐயம் வந்தால் பேரகராதியைப் பார்க்கவும் என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள்.

பேரகராதியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல் ஒரு பொருளில் புழங்குகிறது என்றால், யாராவது அப்படிப் பேசியோ எழுதியோ இருக்க வேண்டும். அந்த வாக்கியத்துக்கு அகராதிக்காரர்கள் வைத்த பெயர் ‘ஆட்சி’. மூன்று வெவ்வேறு வாயிலிருந்து மூன்று ஆட்சி கிடைக்காமல் எந்தப் பொருளும் உள்ளே வராது. செலஸ்டினா ஓங்கிலுக்கு மூன்றைக் கொண்டுவந்தாள். ஒன்று அவள் தம்பி கஸ்பார் சொன்னது: “இன்னைக்கு வள்ளத்துக்கு முன்னால ஓங்கிலு நாலு பேரு போனாவ.” இன்னொன்று மீன் விற்கும் ரொமால்டா சொன்னது: “வலையில மாட்டுன ஓங்கிலுக்காரிய, வலைய அறுத்து விட்டாதாம்ல நாம மனுசரு.” மூன்றாவதைத் தழும்பியே சொன்னாள்: “நாங்க ஆறு பேரு.” கரைக்காரர்கள் ஓங்கிலை எண்ணும்போது ‘பேர்’ போட்டுத்தான் எண்ணுவார்கள். மற்ற மீனுக்கெல்லாம் அந்த மரியாதை கிடையாது.

‘கடலில் வாழும், பேசும் ஆள்’ என்று அவள் எழுதினாள். ஓங்கில்களை விடச் சொல்லி நடந்த வழக்கில் நீதிபதி அந்தப் பொருளையே தீர்ப்பாகச் சொன்னபோது, நிறுவனம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் உறைக்கவில்லை. அன்றே வலையோரம் போய், “இனி வாசல் தெறந்துரும்” என்று தழும்பியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நிவேதனின் அறையிலிருந்து நேரே அவள் அந்த வலைக்குத்தான் போனாள். நான்கு நீர்த்தூண்களுக்கு நடுவே இரும்பு வலை. கடல் பக்கம் ஒரு கதவு, அதற்குப் பெரிய பூட்டு. மேலே மரப்பாலத்தில் கஸ்பார் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கப்பலடியில் சிப்பி சுரண்டுகிற முக்குளிப்பு வேலைதான் அவனுக்கும் அதுவரை சோறு போட்டது. தீர்ப்பு வந்த அன்றே, இனி ஓங்கில்கள் போதும் என்று நிறுவனம் அவனையும் அவன் கூட்டாளிகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

“என்னக்கா, மக்ரூன் எப்படி இருந்துச்சு?”

“வாய மூடுல.”

“நான் ஏன் மூடணும்? ஆளு ஆளுன்னு நீ எழுதிக் குடுத்தே. என் வேலையும் போச்சு, அவளுக்கு வாசலும் தெறக்கல. ரெண்டு பேரு குடியையும் ஒரே வரியில கெடுத்துட்டியே!”

 கீழே தழும்பி தலையைத் தூக்கினாள். முதுகுத் துடுப்பின் அடியில் கப்பல் விசிறி வெட்டிய நீளத் தழும்பு. அதனால்தான் அந்தப் பெயர். வயிறு கனத்து அவள் மெதுவாகத்தான் நீந்தினாள். சீழ்க்கைப்பெட்டிக்குச் செய்தி வாசிப்பவர்களின் தமிழைத்தான் முதலில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கஸ்பார் அதைத் தன் பேச்சுக்குப் பழக்கிவிட்டிருந்தான்.

“வாசலு?” என்றது பெட்டி.

“இல்லம்மா. இன்னைக்கு இல்ல” என்றாள் செலஸ்டினா.

“நீ சொன்னியே.”

“சொன்னேன். நீ ஆளுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டா தெறந்துருவாவன்னு நெனச்சேன்.”

தழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். “ஆளுன்னா என்ன?”

இருபது வருடம் சொற்களுக்குப் பொருள் எழுதியவள் சொல் தேடினாள். “ஆளுன்னா… எங்களை மாதிரி. ஒன்னும் கொறஞ்சது இல்ல.”

“ஆளுன்னா போக விட மாட்டாவளா?”

கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செலஸ்டினாவுக்கு அழுகை வரவில்லை. நிவேதனின் கண்ணாடியைப் பிடுங்கி மிதிக்க வேண்டும் போல இருந்தது.

மறுநாள் தலைமைப் பதிப்பாளர் திருஞானத்திடம் போனாள். ஓங்கிலை மறுபடி விலங்கு என்று மாற்ற வேண்டும் என்றாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“போன வாரம் ஆள், இந்த வாரம் விலங்கா? அகராதி என்ன, கட்சி மாறுற எம்.எல்.ஏ.வா?”

“அந்த வார்த்தையாலே ஒரு புள்ளத்தாச்சி உள்ளே கிடக்கா சார்.”

“எனக்கும் வயிறு எரியுதும்மா. ஆனா பரிதாபத்துக்கு ஒண்ணு, கோபத்துக்கு ஒண்ணுன்னு பொருள் எழுத ஆரம்பிச்சா நாளைக்கு எவன் வேணா வந்து எதை வேணா எழுதச் சொல்லுவான். மூணு ஆட்சி கொண்டு வா. நம்மாளுங்க சொன்னதா இருக்கக் கூடாது. மனசார அப்படி நெனச்சுச் சொன்னதா இருக்கணும். மாத்திடலாம்.”

அவள் கரை முழுக்க அலைந்தாள். ஏலக்கூடத்தில் கேட்டாள், ஐஸ் கம்பெனியில் கேட்டாள், வலை பொத்துகிறவர்களிடம் கேட்டாள். ஒருத்தர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. ரொமால்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மிருகமா? மாதாவே! பேறுகாலத்துல நிக்குதவள அப்படிச் சொன்னா என் வாய் அழுகிப் போவும். ஒனக்கு என்னட்டி ஆச்சு?”

ஊரார் நல்லவர்களாக இருந்ததே அவளுக்குப் பெரிய இடைஞ்சலாகப் போயிற்று. கெட்ட வார்த்தை வேண்டுமென்றால் கெட்டவர்களிடம்தான் போக வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. அதற்கு அவர்களுடைய நாகரிகம் கலைய வேண்டும்.

அன்று மாலை வலையோரம் அக்காவும் தம்பியும் தழும்பியும் பேசினார்கள்.

“ஆளா இருந்தா ஒரு வசதி உண்டு” என்றாள் செலஸ்டினா. “பிடிக்கலன்னா வேலை செய்யாம நிக்கலாம்.”

“அதுக்குப் பேரு?”

“வேலைநிறுத்தம்” என்றான் கஸ்பார். “நாங்க எத்தனை தடவ பண்ணிருக்கோம்!”

“மீனு?”

“தர மாட்டானுவ. வயித்துல அடிப்பானுவ. புள்ளய வச்சுக்கிட்டு ஒன்னால தாங்க முடியுமா?”

தழும்பி நீரடியில் போய் மற்ற ஐந்து பேருடனும் நெடுநேரம் சொடுக்கொலி எழுப்பிக்கொண்டிருந்தாள். பிறகு மேலே வந்தாள். “புள்ள உள்ள பொறக்கக் கூடாது” என்றது பெட்டி.

அடுத்த கப்பல் வந்தபோது ஒருவரும் அசையவில்லை. அதற்கடுத்த கப்பலுக்கும் அசையவில்லை. துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தன. நிறுவனம் மீனை நிறுத்தியது. அப்போது நடந்ததுதான் செலஸ்டினா எதிர்பார்க்காதது. ஓங்கில்களால் வேலையிழந்த முக்குளிப்புக்காரர்கள், ‘எங்க பொழப்பைக் கெடுத்ததுவோ’ என்று திட்டிக்கொண்டிருந்த அதே ஆட்கள், காவலாளியைத் தள்ளிவிட்டு வந்து கூடை கூடையாகச் சாளை மீனை வலைக்குள் கொட்டினார்கள். “வேலைநிறுத்தம் பண்ணுதவங்க வயித்த காயப் போட்டா நாங்க சங்கத்துக்காரன் இல்ல” என்றான் கஸ்பார். அவனைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் வெளியே வந்து மறுபடியும் கூடையைத் தூக்கினான்.

நிறுவனத்தின் நாகரிகம் கலையத் தொடங்கியது. மரப்பாலத்தில் கண்காணி நின்றுகொண்டு, “ஏ மிருகமே! தின்னுட்டு மெதக்குதியா?” என்று கத்தினான். செலஸ்டினா அதைக் குறித்துக்கொண்டாள். தொலைக்காட்சியில் நிறுவனத்தின் தலைவர், “எந்த விலங்கும் பசி வந்தால் வழிக்கு வந்துவிடும்” என்றார். அதையும் குறித்துக்கொண்டாள். இரண்டு ஆட்சி ஆயிற்று. பிறகு நிறுவனமே வேலைநிறுத்தத்துக்குத் தடை கேட்டு வழக்குப் போட்டது. நீதிபதி அம்மா நேரில் பார்க்க வேண்டும் என்று வலையோரத்துக்கே வந்துவிட்டார். மரப்பாலத்தில் நாற்காலிகள் போட்டார்கள்.

நிவேதன் எழுந்தான். அவன் சட்டைக் காலர் நனைந்திருந்தது. “இவர்கள் ஒப்பந்தத்தை மீறுகிறார்கள், மை லேடி. வேலைக்குத் திரும்பும்படி உத்தரவிட வேண்டும்.”

“ஊழியர்கள்தானே? வேலைநிறுத்தம் செய்ய ஊழியர்களுக்கு உரிமை உண்டே” என்றார் நீதிபதி.

“அது மனித ஊழியர்களுக்கு.”

“சட்டத்தில் ஆள் என்றுதான் இருக்கிறது. இவர்களும் ஆள் என்று நீங்கள்தான் என் முன்னால் ஒத்துக்கொண்டீர்கள்.”

“ஆள்தான். ஆனால்…”

“ஆனால் என்றால்? பேச்சுவார்த்தை நடத்துங்கள். சங்கம் வைக்கட்டும். விடுமுறை கேட்கட்டும். பேறுகால விடுப்பு கேட்கட்டும்.”

பாலத்தின் ஓரத்தில் நின்ற முக்குளிப்புக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வெளியே நின்ற கப்பல்களை நிவேதன் ஒருமுறை பார்த்தான். கோபமே வராது என்று பெயரெடுத்தவனுக்கு அன்று வந்தது.

“சங்கமா? மிருகத்துக்கு ஏதுங்க சங்கம்? நாலு சத்தம் போடக் கத்துக்கிட்டா ஆளாயிடுமா? இது வெறும் மிருகம்!”

செலஸ்டினா எழுந்து நின்றாள். “மூணாவது ஆட்சி” என்றாள். அவள் குரல் பாலம் முழுக்கக் கேட்டது. “அம்மா, பேரகராதி சார்பா வந்திருக்கேன். ஓங்கில் விலங்குன்னு மூணு பேர் மனசாரச் சொல்லியிருக்காங்க. மூணு பேரும் இந்த நிறுவனத்து ஆளுங்க. எங்க வழக்கப்படி பொருளை மாத்துறோம்.”

 நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்து பாலத்தின் விளிம்புக்கு வந்தார். கஸ்பார் சீழ்க்கைப்பெட்டியின் ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினான்.

“ஆளா, விலங்கா? நீ யாரும்மா?” என்று கேட்டார்.

தழும்பி நீருக்கு மேலே அசையாமல் நின்றாள். அரைப் பட்டினியில் அவள் கழுத்தோரம் பள்ளம் விழுந்திருந்தது.

“எதுக்கு வாசலு தெறக்குமோ,” என்றது பெட்டி, “அது நான்.”

ஓங்கில் ஆள் இல்லை, விலங்கை அடைத்து வைக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட, அன்று பிற்பகலே பூட்டை உடைத்தார்கள். ஆறு பேரும் கதவைத் தாண்டிப் போனார்கள். தழும்பி கடைசியாகப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நாலைந்து நாளில் ரொமால்டா அகராதி அலுவலகத்துக்கே வந்து வாசலில் நின்று கூவினாள்: “ஏட்டி செலஸ்டினா! ஓங்கிலு இப்ப ஏழு பேரு போறாவளாம்!” மற்றவர்கள் எட்டிப் பார்க்க, செலஸ்டினா மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓங்கிலுக்கு எதிரே ‘கடலில் வாழும் விலங்கு’ என்று எழுதினாள். எழுதிய கையை வெட்டிப் போடலாமா என்று இருந்தது. தான் மதித்த ஒரு பிறவியைக் காப்பாற்ற அதை இழிவாக எழுத வேண்டி வந்ததே என்ற ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை.

கஸ்பாருக்கும் கூட்டாளிகளுக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. சிப்பி வளர்வது நிற்கவில்லையே. நிறுவனம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது. அவர்களும் சந்தோஷமாக ஒப்பந்தத்தில் கைநாட்டும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா வந்தது. கொடியேற்றத்துக்குக் கஸ்பார் வரவில்லை. தேருக்கும் வரவில்லை. பிறந்ததிலிருந்து தேரைத் தவறவிடாதவன். செலஸ்டினா அவனைத் தேடிப் புன்னைத்துறைக்குப் போனாள்.

பழைய வலை அங்கே இல்லை. அதே நான்கு நீர்த்தூண்களுக்கு நடுவே ஒரு மிதவையைக் கட்டி, மேலே தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். கரைப் பக்கம் கம்பி வேலி. வேலியில் ஒரு கதவு, அதற்கு அதே பெரிய பூட்டு. உள்ளே கொடியில் இடுப்பில் கட்டும் சாரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. கஸ்பார் வேலியருகே வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

“என்னல இது? திருவிழாவுக்குக் கூட வர மாட்டியா?”

“விட மாட்டானுவக்கா. வேலை முடியுத வரைக்கும் பணியிடத்த விட்டுப் போகக் கூடாதாம்.”

அந்த வாக்கியத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். “அந்த ஒப்பந்தத்தைத்தான் கோர்ட்டு தள்ளிட்டே!”

“எங்க தள்ளுச்சு? நானும் அந்த நிவேதன்ட்ட இதத்தான் கேட்டேன். ‘ஒப்பந்தம் தப்புன்னு கோர்ட்டு சொல்லலப்பா. அது ஆளுக்கு உள்ள ஒப்பந்தம், ஓங்கிலு ஆளு இல்லன்னுதான் சொல்லுச்சு. இப்ப ஆளைத்தான போட்டிருக்கோம்’ங்கான். சிரிச்சுக்கிட்டே சொல்லுதான்க்கா.”

செலஸ்டினா பூட்டைப் பிடித்து உலுக்கினாள். காவலாளி தூரத்திலிருந்து கை காட்டினான். அவள் விடவில்லை. உள்ளங்கை கிழிகிற வரை உலுக்கினாள். கொட்டகையிலிருந்து மற்ற முக்குளிப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து கஸ்பாருக்குப் பின்னால் நின்றார்கள்.

“பூட்ட விடுக்கா” என்றான் கஸ்பார். “அவளுக்கு எழுதுன மாதிரி எங்களுக்கும் ஒரு பொருள் எழுது. என்ன எழுதுனா இந்த வாசலு தெறக்கும்னு ஒனக்குத்தான் தெரியும்லா?”

“என்னல பேசுத?”

“மனசாரத்தான் சொல்லுதேன். குறிச்சுக்க.” அவன் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “நான் மிருகம். வாசலத் தெறங்க.”

“ரெண்டாவது என்னுது, எக்கா” என்றான் பின்னால் நின்றவன்.

மூன்றாவது ஆட்சியைத் தேடி அவள் இந்த முறை கரை முழுக்க அலைய வேண்டியிருக்கவில்லை. வேலிக்குப் பின்னால் அவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.